கவசம் என்று மட்டும் சொன்னால்

கணவரின் அண்ணன் எட்வினுடைய சவப்பெட்டி கூடத்தின் நடுவில் இருக்க, ஆயர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்ன அந்த நொடியில் ரெஜினா டீச்சர் கைதட்ட ஆரம்பித்தார். ஒப்புக்குத் தட்டுகிற தட்டல் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவனுக்குத் தட்டுவார்களே, அந்தத் தட்டல். மகன் ஆல்வின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான், அமுங்கவில்லை. கடைசி வரிசையில் இரண்டு பேர், இந்தச் சபையில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் தாங்களும் தட்டினார்கள். ஆயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, நிலைமையைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் ஒரு துதிப்பாட்டை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பாதிக் கூடம் தட்டியது. எட்வினின் மனைவி மட்டும் தட்டவில்லை. காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் எட்வினும் டீச்சரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது அங்கே வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஆல்வின் அம்மாவின் முதுகுப்புறம் கைவிட்டு பேட்டரியைப் பிடுங்கினான். டீச்சர் அப்படியே மடிந்து அவன் மேல் சாய்ந்தார்.

இத்தனைக்கும் காரணமான சிபிச்சக்கரவர்த்தி அந்த நேரத்தில் பீளமேட்டு ஆபீஸ் கேன்டீனில், தன் புது அப்டேட் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும் என்று மனதுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டு உளுந்து வடை தின்றுகொண்டிருந்தான். புறாவுக்காகத் தன் தொடைச்சதையை அறுத்துக் கொடுத்த ராஜாவின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். இவன் இதுவரை அறுத்ததெல்லாம் அடுத்தவர் கழுத்தைத்தான், அதுவும் பேசியே.

ஒரு காலத்தில் மோட்டாரும் பம்பும் செய்த கோயமுத்தூர் இப்போது கை கால்கள் செய்துகொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே அசைவு போனவர்கள் உடுப்புக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் மெல்லிய சட்டகம் அது. மூட்டுக்கு ஒரு மோட்டார். எழுந்து நிற்கும், நடக்கும், சோறு ஊட்டும். அதற்குக் கவசம் என்று பெயர்.

முதலில் வந்த கவசங்கள் மனசைப் படித்து வேலை செய்தன. அது வினையாகப் போயிற்று. மனசில் தோன்றுவதெல்லாம் செய்ய வேண்டிய காரியம் இல்லை என்பது சட்டகத்துக்குத் தெரியவில்லை. மருமகனைப் பார்த்ததும் ஒரு மாமனாருக்கு ஒரு கணம் தோன்றியதைக் கவசம் அப்படியே நிறைவேற்றிவிட, மருமகனுக்கு இரண்டு பல் போனது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் பழைய வழிக்குத் திரும்பினார்கள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டி வேலை வாங்கிய காலத்து வழி. முதல் வார்த்தை, யாரைக் கூப்பிடுகிறோம் என்பது. இரண்டாவது வார்த்தை, என்ன வேலை என்பது. 'கவசம் எழு.' 'கவசம் நட.' தொண்டைக்குள் முணுமுணுத்தால் போதும். வாயைத் திறந்து கேட்டதை மட்டும் செய்யும்.

இந்த இரண்டாம் வார்த்தைகளைப் பிரித்து, அந்தந்த வேலைக்கு அனுப்பிவைக்கிற பகுதி சிபியின் பொறுப்பில் இருந்தது. சும்மா இருக்க அவனால் முடியவில்லை. முதல் வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் கவசம் பேசாமல் காத்துக்கொண்டிருப்பது அவன் கண்ணை உறுத்தியது. முந்தின நாள் எந்த வேலையை அதிகம் சொன்னார்களோ அதையே எடுத்துச் செய்துவிடட்டும் என்று எழுதினான். காத்திருக்கும் நேரத்தையும் ஒரு மூச்சளவுக்குக் குறுக்கினான். டீச்சர் முந்தின நாள் அபார்ட்மென்ட் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு நடுவராக இருந்து, பகல் முழுக்கக் கைதட்டியிருந்தார். ஜெப நேரத்தில் அவர் 'கவசம்' என்று மட்டும் முணுமுணுக்க, கை அதையே எடுத்துக்கொண்டது. நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றாலும் முதலில் 'கவசம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். துக்க வீட்டில் தொண்டை அடைத்து, அடுத்த வார்த்தை வருவதற்குள் கை இன்னொரு சுற்றை ஆரம்பித்துவிட்டது.

மேலாளர் ஹரிப்ரியா அவனைக் கூப்பிட்டாள். அவனைவிடப் பத்து வயது சின்னவள். அதை அவள் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை, அதனாலேயே அவனுக்கு அது எப்போதும் தெரிந்துகொண்டே இருந்தது.

"உக்காருங்க சிபி சார்."

"நின்னே வாங்கிக்கறேங்க. திட்டு நிக்கறப்பதான் நல்லா இறங்குது."

"திட்டறதுக்குக் கூப்பிடல. உங்களைக் காப்பாத்தறதுக்குத்தான்."

சிபிக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. உட்கார்ந்தான்.

அவள் திரையைத் திருப்பினாள். "இது அந்த டீச்சரோட கவசம். பாருங்க. கவசம் எழு. கவசம் நட. கவசம் ஊத்து. இதெல்லாம் சரி. இங்க பாருங்க. கவசம். அப்புறம் ஒண்ணுமில்ல. சாயங்காலம் மறுபடி கவசம். ஒண்ணுமில்ல. தினமும் இருக்கு. உங்க அப்டேட்டுக்கு மாசக்கணக்கா முன்னாடியே இருக்கு."

"யாருமே கவனிக்கலையா?"

"கவனிக்க என்ன இருக்கு? பழைய வெர்ஷன்ல வேலை சொல்லலைன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. கொஞ்ச நேரம் காத்திருந்து பாக்கும். வரலைன்னா பழையபடி விறைப்பா நின்னுக்கும்." சிபிக்குப் பிடித்த விஷயம் வந்துவிட்டது. ஆபத்தில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டான். "பொதுவா இந்த மாதிரி புரோகிராமை வெறும் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டா, எனக்கு இன்னின்ன வேலை தெரியும்னு பட்டியல் வாசிக்கும். ஒடம்புல மாட்டின சாமான் பந்தியில உக்காந்து பட்டியல் வாசிச்சா நல்லா இருக்காதுன்னு, முதல்ல எழுதினவங்க அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டாங்க."

"நீங்க சும்மா விடல."

"நான் விடலைங்க."

ஹரிப்ரியா பேனாவை மூடினாள். "வக்கீல் என்ன சொல்றாருன்னா, டீச்சருக்கு ஞாபகம் தப்புது. கவசத்தைக் கூப்பிடறாங்க, எதுக்குக் கூப்பிட்டோம்னு மறந்துடறாங்க. அப்படின்னா கைதட்டினது உங்க அப்டேட் தப்பில்ல, அவங்க குழப்பம். நீங்க நேர்ல போய்ப் பாத்து, ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கவசத்தைப் பொறுப்பாளர் முறைக்கு மாத்திடலாம்."

பொறுப்பாளர் முறை என்றால் சிபிக்குத் தெரியும். அதில் பாதியை எழுதியவனே அவன்தான். அதற்குப் பிறகு உத்தரவு மகனுடைய ஃபோனிலிருந்து போகும். டீச்சர் எழு என்றாலும் கவசம் எழாது, உட்கார் என்றாலும் உட்காராது. உடம்பு அவருடையது, சொல்பேச்சு ஆல்வினுடையது.

"டீச்சருக்குக் குழப்பமே இல்லைன்னு வந்தா?"

"அப்ப தப்பு உங்களுதுன்னு எழுதணும். எழுதினா உங்களை இந்த வேலையில வெச்சுக்க என்னால முடியாது." கொஞ்சம் யோசித்து, "கவசம்னு மட்டும் ஏன் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க, போதும். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு," என்றாள்.

*

போத்தனூரில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் ரெஜினா டீச்சரேதான். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் மாடிப்படியில் விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. இப்போது நேராக, தோள் தளராமல், ஒரு பதுமையைப் போல நின்றார்.

"நீதானா அது," என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"எங்க மூத்தாரை நல்லா வழியனுப்பி வெச்சேப்பா. அந்த மனுஷனுக்கு உசுரோட இருந்தப்பக்கூட யாரும் அவ்வளவு கைதட்டினதில்ல. உள்ள வா."

ஆல்வின் சோபாவிலிருந்து எழுந்தான். ரயில்வேயில் வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகவே தூரத்து மாற்றல்களை மறுத்துக்கொண்டிருப்பவன். அவனைக் கெட்டவனாக நினைத்துக்கொண்டு வந்திருந்த சிபிக்கு அது பெரிய இடைஞ்சலாகப் போயிற்று.

"எனக்கு அம்மாவை அடக்கி வெக்கணும்னு இல்லீங்க சார்," என்றான் ஆல்வின், டீச்சர் சமையலறைக்குப் போனதும். "நடுரோட்டுல கவசம்னு சொல்லிட்டு அடுத்தது மறந்துபோச்சுன்னா? லாரிக்காரன் காத்திருப்பானா? சமையக்கட்டுல கவசம் பிடின்னு சொல்லி அடுப்புமேல கையை வெச்சுட்டா? அவங்களுக்குச் சூடுகூடத் தெரியாது. என் ஃபோன்ல இருந்தா நான் ராத்திரி தூங்குவேன்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா, ஏன் அப்படிக் கூப்பிடறாங்கன்னு?"

"கேட்டேன். சும்மாங்கறாங்க."

டீச்சர் தட்டில் காபியோடு வந்தார். முணுமுணுப்பு லேசாகக் கேட்டது. 'கவசம் குனி. கவசம் வை.' டம்ளரின் விளிம்பில் ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. ஆல்வினின் முகத்தில் பெருமை தெரிந்தது. "அப்படியே பழைய அம்மா," என்றான். டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிபி தொண்டையைச் செருமினான். சில கேள்விகள் கேட்டாக வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாசம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள்.

டீச்சர் கடகடவென்று குறைத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் சிபிக்கு விட்டுப்போயிற்று.

"நின்னுட்டியே தம்பி. நீ சொல்லு, அடுத்தது என்ன?"

"நான் கேக்கறதுக்கு வந்தவங்க டீச்சர்."

"கணக்குல வீக்கா இருந்தா கேக்கற வேலைக்குத்தான் போகணும்."

ஆல்வினுக்கு ஃபோன் வந்து பால்கனிக்குப் போனான். சிபி குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் சொந்த ஆராய்ச்சியை அவிழ்த்துவிட்டான். டிரில் எடுக்கும்போது முதலில் எச்சரிக்கை வார்த்தை ஒன்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் அடுத்த வார்த்தையைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருப்புவார்கள். அந்தப் பழக்கத்தில் டீச்சருக்கு முதல் வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடுகிறது. அப்படித்தானே?

"பரவால்லையே," என்றார் டீச்சர். "பஸ்ஸுல யோசிச்சுட்டு வந்தியா?"

"ஆமாங்க."

"தப்பு."

"அப்ப எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா நான் என்னன்னு எழுதறது? டீச்சர், இதை நான் எழுதித்தான் ஆகணும். காரணம் இருந்தா உங்களுக்கு நல்லது. இல்லைன்னா, உங்களுக்கு மறதின்னு எழுதச் சொல்றாங்க. அப்புறம் நீங்க எழுந்து நிக்கணும்னாலும் ஆல்வின் சார் ஃபோன்ல அமுக்கணும்."

டீச்சருக்கு முகம் மட்டும்தான் அவருடையது. அதில் ஏதோ வந்து போயிற்று.

"சொன்னா எழுதுவே."

"எழுதுவேன்."

"ஆல்வின் படிப்பான்."

"படிப்பாருங்க."

"அப்ப சும்மான்னே எழுதிக்க."

சிபிக்கு உதவி செய்ய வேண்டும் என்ற வெறி வந்தது. அந்த வெறி வந்த நாட்களில்தான் அவன் வாழ்க்கையில் பெரிய சேதங்கள் எல்லாம் நடந்திருக்கின்றன. "ஒண்ணு செய்யலாங்க டீச்சர். புதுசா ஒரு உத்தரவு சேத்துடறேன். 'கவசம் சும்மா.' அதைச் சொன்னா அது ஒண்ணும் செய்யாது. அப்ப உத்தரவு முழுசா இருக்கும், மறதின்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

டீச்சர் சிரித்தார். உடம்பு குலுங்காத சிரிப்பு. கவசம் அவரை நேராக உட்கார வைத்திருந்தது.

"சும்மா இருக்கறதுக்கும் உங்ககிட்ட ஒரு உத்தரவு வாங்கணுமா? போ தம்பி, காபி ஆறுது."

*

மறுநாள் சிபி சோதனைக் கூடத்தில் பழைய வெர்ஷனைப் போட்ட ஒரு கவசத்தை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டான். தொப்பைக்குப் பட்டை எட்டவில்லை, ஒரு துண்டை வைத்து இழுத்துக் கட்டினான். கண்ணாடி முன்னால் நின்று, "கவசம்," என்றான். அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை.

எல்லா மூட்டிலும் மோட்டார்கள் பிடியைத் தளர்த்தின. அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். அடுத்து வரப்போவது காலுக்கான வேலையா கைக்கான வேலையா என்று தெரியாததால், எதற்கும் தயாராக எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காத்திருக்கும். கீழே விழுந்துவிடாதபடி முதுகை மட்டும் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம். பிறகு மோட்டார்கள் மறுபடி இறுகி அவனை நிமிர்த்தின.

அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். கை தொங்கிற்று, தூக்கினான், வந்தது. முழங்காலை மடித்தான், மடிந்தது. அவனுடைய கை, அவனுடைய கால். இதில் என்ன இருக்கிறது? ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ளத் தன் உடம்பு ஒத்துவராது என்பதும் தெரிந்தது. கண்ணாடியில், இடுப்பில் துண்டு கட்டிய ஒரு நடுவயதுக்காரன் தன்னிடமே ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல நின்றிருந்தான்.

ஒன்று மட்டும் உறைத்தது. தான் குறுக்கி, நிரப்பி, உபயோகமாக்கிய இடம் காலி இடம் இல்லை. யாரோ குடியிருந்த இடம். கேட்காமல் உள்ளே போய்ச் சாமானை அடுக்கிவிட்டு வந்திருக்கிறான்.

ஹரிப்ரியாவிடம் போய்க் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தான். படித்தாள்.

"அணிந்திருப்பவர் தெளிவாக இருக்கிறார். 'கவசம்' என்று மட்டும் சொல்வது அவருடைய விருப்பம். பிழை அப்டேட்டினுடையது." நிமிர்ந்தாள். "டீச்சர் காரணம் சொன்னாங்களா?"

"சொல்லலைங்க."

"அப்புறம் எப்படி விருப்பம்னு எழுதறீங்க?"

"நூறுலிருந்து ஏழு ஏழா என்னைவிட வேகமா குறைச்சாங்க. அவங்களுக்கு மறதின்னா என்னையும் பொறுப்பாளர் முறைக்குத்தான் மாத்தணும்." அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். "ஹரிப்ரியா, ஒருத்தர் தன்னோட ஒடம்பை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நமக்கு எதுக்குங்க காரணம் சொல்லணும்? என் அப்டேட் தப்பு. அதுக்கான காரணம் என்கிட்ட இருக்கு. அதை எவ்வளவு வேணும்னாலும் எழுதறேன்."

"வக்கீல் உங்களைச் சும்மா விட மாட்டாரு."

"நானும்தான் எதையும் சும்மா விட்டதில்ல."

அந்த வாரமே அவனை உதவி எண்ணுக்கு மாற்றினார்கள். கவசம் போட்டவர்கள் ஃபோன் செய்து ஏதாவது கேட்டால், பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. பேசுவதை நிறுத்திவிட்டு அடுத்தவர் சொல்வதைக் கேட்பதற்கு அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பழைய சகாக்கள் சொல்லிச் சிரித்தார்கள். அப்டேட்டை எல்லாக் கவசங்களிலிருந்தும் எடுத்தார்கள். ஆபீசிலிருந்தே எடுத்துவிடலாம். ஆனால் டீச்சருடையதை மட்டும் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று சிபி ஒரு பொய்யைச் சொல்லி, அரை நாள் லீவு போட்டுவிட்டு போத்தனூருக்குப் பஸ் ஏறினான்.

*

ஆல்வின் வேலைக்குப் போயிருந்தான். டீச்சரின் முதுகுப்பக்கம் ஒயரை மாட்டி, பழைய வெர்ஷனைப் போட்டு, ஒயரைக் கழற்றினான்.

"முடிஞ்சுதுங்க டீச்சர். முன்னாடி மாதிரி காத்துட்டு இருக்கும். உங்க கவசத்துக்கு உங்க குரல்தான். ஆல்வின் சார்கிட்டயும் பேசிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு."

"எனக்கு மறதின்னு எழுதலையா?"

"இல்லீங்க. எனக்கு அறிவில்லைன்னு எழுதிட்டேன். எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டாங்க."

"வேலை?"

"இருக்குதுங்க. ஃபோன் எடுக்கற வேலை. சோடா மூடியைக் கவசம் ஏன் திறக்க மாட்டேங்குதுன்னு காலையில ஒருத்தர் கேட்டாரு. அது பெயின்ட் டப்பான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துருச்சு."

டீச்சர் அவனைப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கையில் பேனா இல்லை, திரை இல்லை.

"டீச்சர், எழுத மாட்டேன். யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். கவசம்னு மட்டும் ஏங்க சொல்றீங்க?"

"உக்காரு," என்றார்.

உட்கார்ந்தான். டீச்சரும் எதிரே உட்கார்ந்தார். மடியில் கைகள் இரண்டும், போட்டோவுக்கு வைத்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"அன்னைக்குக் காபி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"நான் ஊத்தினா நல்லா இருக்காது. பாதி தட்டுல நிக்கும். எங்க வீட்டுக்காரரு அதுக்குன்னே கீழ ஒரு பேப்பர் விரிச்சு வெப்பாரு. நடக்கறப்பவும் இடது பக்கம் ஒரு சாய்மானம் இருக்கும் எனக்கு. இப்பப் பாரு, சிந்தறதும் இல்ல, சாயறதும் இல்ல. ஆல்வினுக்கு இந்த அம்மாவை ரொம்பப் புடிச்சிருக்கு. தப்பு சொல்லல, நல்ல பொம்பளைதான். அவன் அவளைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படறப்ப, நான் எப்படிச் சொல்றது? அதனாலதான் எழுத வேண்டாம்னேன்."

நிறுத்தினார். பிறகு தொண்டைக்குள், "கவசம்," என்றார்.

அடுத்த வார்த்தை வரவில்லை. மேலே இருந்த கை சரிந்து மடியிலிருந்து வழுக்கி நாற்காலி ஓரமாகத் தொங்கிற்று. இடது தோள் தாழ்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறுக்கமான உடுப்பைக் கழற்றியவர் போல டீச்சர் மூச்சுவிட்டார். சிபி பதறி எழுந்து பிடிக்கப் போனான்.

"விடு. தொடாத," என்றார். "கையில எனக்கு உணர்ச்சி இல்ல தம்பி. ஆனா தோள் வரைக்கும் தெரியும். இது விட்டுட்டா, அந்தக் கை தொங்கற கனம் தோள்ல வந்து இழுக்கும். ஈரப் போர்வையைக் கொடியில போட்டாப்ல. அது மோட்டார் இல்ல. அது என் கனம். நாள் முழுக்க அவ எழுந்திருக்கா, நடக்கறா, காபி ஊத்தறா. நடுவுல அப்பப்ப, நான் இருக்கேனான்னு பாத்துக்கறேன்."